சும்மா கிடக்கும் கணினிகளைக் கூட்டு வேலைக்கு விடலாமா?

பிள்ளைகள் பள்ளியில் வாங்கிய விலையில்லா மடிக்கணினி ஒன்று, பழைய டெஸ்க்டாப் ஒன்று, வேலைக்காக வாங்கியது ஒன்று என்று பல வீடுகளில் இரண்டு மூன்று கணினிகள் இருக்கின்றன. பாதி நேரம் சும்மாதான் கிடக்கும். இவற்றை இணைத்து ஒரே பெரிய வேலையைப் பகிர்ந்து செய்ய வைக்க முடியுமா? முடியும், ஆனால் எல்லா வேலையையும் இல்லை.

கல்யாண வீட்டில் காய் நறுக்க இருபது பேர் உட்கார்ந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். சாம்பாரைச் சுற்றி இருபது பேர் நின்றாலும் அது கொதிக்கிற நேரத்தில்தான் கொதிக்கும். கணினி வேலையும் அப்படித்தான். ஒரு துண்டு இன்னொரு துண்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்றால் மட்டுமே பகிர்வதில் லாபம்.

அனிமேஷன் படிக்கும் மாணவர் 10 வினாடிக் காட்சி ஒன்றைச் செய்கிறார் என்று வையுங்கள். வினாடிக்கு 25 படம் வீதம் 250 படங்கள். ஒரு படத்துக்கு 4 நிமிடம் ஆனால், ஒரே கணினியில் 1,000 நிமிடம், அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம். ஒரே வேகமுள்ள நான்கு கணினிகள் பிரித்துக்கொண்டால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். பிளெண்டர் பயன்படுத்துபவர்களுக்கு இதற்கென்றே ஃபிளமெங்கோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எல்லாக் கணினிகளும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், கோப்புகள் பொதுவான ஃபோல்டரில் இருக்க வேண்டும். வைஃபையைவிடக் கேபிள் நல்லது.

இது புது யோசனை இல்லை. 1994இல் நாசாவின் கோடார்ட் மையத்தில் 16 சாதாரண செயலிகளை நெட்வொர்க் கேபிளால் இணைத்து, விலை உயர்ந்த சூப்பர் கம்ப்யூட்டருக்கு மாற்றாக ‘பியோவுல்ஃப்’ என்ற தொகுப்பை உருவாக்கினார்கள். 1999இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் தொடங்கிய செட்டி அட் ஹோம், இதை உலகம் முழுக்க உள்ள வீடுகளுக்குக் கொண்டுபோனது. இணையம் வழியாக ஒரு துண்டு வரும், உங்கள் கணினி கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்பும். இப்படிப்பட்ட திட்டங்களில் பெரும்பாலும் ஒரே துண்டை இரண்டு கணினிகளுக்குக் கொடுத்து, விடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தில் அமெரிக்காவின் அயோவாவிலும் ஜெர்மனியிலும் இருந்த வீட்டுக் கணினிகள் 2010இல் ஒரு புதிய பல்சர் நட்சத்திரத்தையே கண்டுபிடித்தன!

நீங்களும் சேரலாம். ‘பாயிங்க்’ என்ற இலவச மென்பொருள் போதும், ஆண்ட்ராய்டு மொபைலிலும் ஓடும். சார்ஜில் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும்படி அமைப்பு இருக்கும், அதை மாற்றாதீர்கள். போன் சூடானால் நிறுத்திவிடுங்கள்.

இலவசம் என்றாலும் கரண்ட் பில் வரும். 60 வாட் மடிக்கணினி நாள் முழுக்க ஓடினால் 1.44 யூனிட், இரண்டு மாதத்தில் சுமார் 86 யூனிட். வீட்டுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தில் பெரும் பகுதி இதற்கே போய்விடும். 200 வாட் டெஸ்க்டாப் என்றால் 288 யூனிட். தினம் இரண்டு மணி நேரம் மட்டும் ஓடவிட்டால் கையைக் கடிக்காது.

இன்னொரு விஷயம். “உங்க கம்ப்யூட்டரை எங்க வேலைக்கு விடுங்க, மாசாமாசம் பணம் வரும்” என்று வாட்ஸ்அப்பில் செயலி அனுப்பினால் இன்ஸ்டால் செய்யாதீர்கள். அறிவியல் திட்டங்களில் சேரக் கட்டணம் கிடையாது, ஓடிபியோ ஆதார் எண்ணோ வங்கி விவரமோ கேட்க மாட்டார்கள். மென்பொருளை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்தே இறக்குங்கள். அலுவலகக் கணினியில் அனுமதி இல்லாமல் போடக் கூடாது. ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.