தீராத இருமலுக்கு இன்னொரு சோதனை

"பீடியைக் கையால கூடத் தொட்டதில்ல சிஸ்டர், எனக்கு எப்படி வரும்?" கம்பம், கூடலூர்ப் பக்கத்துப் பெண்கள் பலர் என்னிடம் கேட்டது இது. நெஞ்சக நோய் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகையிலைதான்; 1950-இலேயே லண்டனில் டால், ஹில் என்ற ஆய்வாளர்கள் அதை எடுத்துக் காட்டிவிட்டார்கள். ஆனாலும் நம் நாட்டில் இந்த நோயோடு வரும் பெண்களில் பெரும்பாலோர் புகைத்தவர்கள் அல்ல. வீட்டு ஆண்கள் ஊதும் புகையும் காற்று மாசும் அவர்களைத் தாக்குகின்றன. விறகடுப்புப் புகையின் மேலும் சந்தேகம் உண்டு.

விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஒருநாள் கூலியை இழந்துதான் கானாவிலக்கு பெரியாஸ்பத்திரிக்கு வர முடியும். அதனால் இருமலைப் பொறுத்துக்கொள்வார்கள். எடை குறையும், சளியில் ரத்தம் தெரியும், குரல் கம்மும். சிலருக்கு விரல் நுனி தடித்து நகம் வளைந்துவிடும். தோள் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நுரையீரல் உச்சியில் கட்டி இருந்ததும் உண்டு. இந்தியாவில் பெரும்பாலோருக்கு மூன்றாம், நான்காம் நிலையில்தான் நோய் தெரிய வருகிறது.

தாமதத்துக்குக் கூலி மட்டும் காரணமல்ல. எக்ஸ்ரேயில் தெரியும் நிழல் காசநோய் போலவே இருக்கும். சளியில் கிருமி தென்படாமலே காசநோய் மாத்திரை தொடங்குவதும் உண்டு. கட்டி மூச்சுக்குழாயை அடைத்தால் அதற்குப் பின்னால் சளி தேங்கிச் சீழ் பிடிக்கும். மாத்திரை அந்தச் சீழை ஆற்றும்; காய்ச்சல் விடும், "தேவலை" என்பார்கள். கட்டி மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். மாதங்கள் ஓடிவிடும். இதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. சளியில் கிருமி இல்லை, மாத்திரைக்கும் முழுக்கக் கேட்கவில்லை என்றால் சி.டி. ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் கேளுங்கள்.

"சதை எடுக்கிற ஊசி பட்டா பரவிடுமாமே?" என்று பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்காகச் சோதனையைத் தள்ளிப் போடுவதில்தான் ஆபத்து. எந்த வகைப் புற்று என்று தெரியாமல் மருந்து தர முடியாது. இப்போது அதிகம் காணும் அடினோகார்சினோமாவில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் இருக்கிறது. புகைக்காதவர்களிடம் இன்னும் கூடுதல். அவர்களுக்கு ஜெஃபிட்டினிப் போன்ற மாத்திரை பல மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட நோயைக் கட்டுக்குள் வைக்கிறது.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது பழைய எக்ஸ்ரே படங்களையும் எடுத்துப் போங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிழல் வளர்ந்ததா என்று தெரியும்.