பழைய ஹைபிரிட் கார் வாங்கலாமா? காசு குடுக்க முதல் பார்க்க வேண்டியவை

முதல் கார் வாங்கக் காசு சேர்க்கிற ஒருவர் வாகன விளம்பரங்களைத் திறந்தால் கண்ணில் படுபவை பெரும்பாலும் இவைதான்: ப்ரியஸ், அக்வா, ஃபிட், வெசல். வயது 10, 12, சிலதுக்கு அதற்கும் மேலே. "லீற்றருக்கு 20 ஓடும்" என்பார் விற்பவர். "பற்றரி போனா கதை முடிஞ்சுது" என்பார் பக்கத்து மேசை நண்பர். யார் சொல்வதை நம்புவது?

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஏன் இவ்வளவு பழைய ஹைபிரிட் இங்கே ஓடுகிறது?

ஹைபிரிட்டுக்கு வரி குறைவாக இருந்த காலத்தில் ஜப்பானிலிருந்து இவை ஏராளமாக வந்து இறங்கின. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் முறை வந்தபோது, ஆரம்பத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர்தான். அந்த 20 லீற்றரில் யார் அதிக தூரம் போனார் என்பதைப் பலரும் நேரிலேயே பார்த்தார்கள். ஹைபிரிட்டுக்கு மவுசு கூட அதுவும் ஒரு காரணம்.

எல்லா ஹைபிரிட்டும் ஒன்றா?

இல்லை. ப்ரியஸ், அக்வா, அக்சியோ ஹைபிரிட் போன்றவை முழு ஹைபிரிட். மெதுவாகப் போகும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு மோட்டாரில் மட்டும் ஓடும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பற்றரியில் சேமிக்கும். வேகன் ஆர் போன்றவற்றில் இருப்பது மைல்ட் ஹைபிரிட். அங்கே சின்ன மோட்டார் எஞ்சினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். அதனால் 'ஹைபிரிட்' என்ற ஒரு சொல்லுக்காக இரண்டுக்கும் ஒரே கணக்குப் போட முடியாது.

காலி வீதி நெரிசலில் நின்று நின்று போகிறவருக்கு முழு ஹைபிரிட்டின் லாபம் நன்றாகத் தெரியும். ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு அந்த வித்தியாசம் குறையும்.

பற்றரி பற்றிய பயம் சரியா?

ப்ரியஸின் பெரிய பற்றரி ஒரே கட்டி அல்ல. மூன்றாம் தலைமுறை ப்ரியஸில் 28 மொடியூல்களும் முதல் அக்வாவில் 20 மொடியூல்களும் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. ஒன்று பலவீனமானால் முழு வரிசையும் பாதிக்கும். அதனால் சில கராஜ்களில் பழுதான மொடியூலை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். செலவு குறைவுதான். ஆனால் மிச்ச மொடியூல்களுக்கும் அதே வயது. சில மாதத்தில் அடுத்தது போகலாம். "போன வருசம்தான் பற்றரி மாத்தினது" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி: முழுசா புதுசா, இல்லை மொடியூல் மட்டுமா? பில் இருக்கா?

பற்றரியின் முதல் எதிரி சூடு. அதைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கைப் பக்கம் உள்ள துவாரம் வழியாகத்தான் போகிறது. அந்தத் துவாரத்தையும் உள்ளே இருக்கும் விசிறியையும் தூசி அடைத்தால் பற்றரியின் ஆயுள் குறையும். பார்க்கப் போகும் காரில் முதலில் அந்தத் துவாரத்தைப் பாருங்கள். கார் எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பது அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

பற்றரியைத் தவிர வேறு என்ன?

உண்மையில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

• எஞ்சின்: 2009 முதல் 2015 வரையான ப்ரியஸில் ஹெட் காஸ்கெட் பிரச்சினை பரவலாகப் பேசப்படுவது. காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். குலுங்கினாலோ கூலன்ட் குறைந்திருந்தாலோ கவனம். நீங்கள் போக முன்னமே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

• பிரேக்: கார் நிற்கும்போது பிரேக்கை மிதித்துப் பாருங்கள். பம்ப் சத்தம் சில செக்கனுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பக் கேட்டால் பெரிய செலவு காத்திருக்கலாம்.

• கியர்: முதல் வெசல், 2013 ஃபிட் ஹைபிரிட் ஆகியவற்றில் இரட்டைக் கிளட்ச் கியர்பொக்ஸ். இவை ஜப்பானில் 2014இல் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ரீகோல் செய்யப்பட்டவை. நெரிசலில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, இழுவை, உதறல் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

• ஸ்கேன்: தெரிந்த ஹைபிரிட் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஸ்கேன் செய்வது கட்டாயம். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு இல்லை என்பது மட்டும் போதாது, முதல் நாள் அழித்திருக்கலாம். அப்படி அழித்திருந்தால் காரின் சுயபரிசோதனைகள் முடியாமல் இருப்பது ஸ்கேனரில் தெரியும். மொடியூல்களின் வோல்டேஜ் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதையும் கேளுங்கள்.

• மைலேஜ்: மீற்றரைக் குறைப்பது புதிதல்ல. ஜப்பான் ஏலத் தாளையும் சர்வீஸ் பதிவுகளையும் கேட்டு, மீற்றரோடு ஒப்பிடுங்கள்.

• பத்திரம்: பதிவுச் சான்றிதழில் லீசிங் நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக இருக்கிறதா பாருங்கள். 'ஓப்பன் பேப்பர்' என்றால் இரண்டு தடவை யோசியுங்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு உதாரணம். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓட்டம். சாதாரண கார் லீற்றருக்கு 12, ஹைபிரிட் 20 என்று வைப்போம். முதலாவதுக்கு 83 லீற்றர், இரண்டாவதுக்கு 50 லீற்றர். மிச்சம் 33 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்றால் மாதம் ஏறக்குறைய 10,000 ரூபாய்.

இனி, பற்றரியோ பிரேக்கோ போய் 3 இலட்சம் செலவு வருகிறது என்று வையுங்கள். அந்தக் காசை எரிபொருளில் திரும்ப எடுக்க 30 மாதம் வேண்டும். மாதம் 500 கிலோமீற்றர் மட்டும் ஓடுகிறவருக்கு 60 மாதம், அதாவது ஐந்து வருடம். உங்கள் ஓட்டத்தையும், கராஜில் கேட்ட உண்மையான விலையையும் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

அப்ப, யாருக்குச் சரி?

தினமும் நகர நெரிசலில் நிறைய ஓடுகிறவர், நம்பிக்கையான ஹைபிரிட் கராஜ் பக்கத்தில் உள்ளவர், கார் வாங்கிய பிறகும் ஒரு பெரிய ரிப்பேருக்கு ஒதுக்கி வைக்கக் காசு உள்ளவர் – இவர்களுக்குப் பழைய ஹைபிரிட் பொருந்தும்.

சேமிப்பு முழுவதையும் முற்பணமாகக் கட்டி, சம்பளத்தில் பாதியை லீசிங்குக்குக் கொடுக்கப் போகிறவருக்கு இது ஆபத்து. கார் கராஜில் நின்றாலும் லீசிங் தவணை நிற்காது. அவருக்கு ஹைபிரிட் இல்லாத சின்னக் கார் ஒன்று கொஞ்சம் கூடுதலாகப் பெற்றோல் குடித்தாலும் நிம்மதி தரும்.

எந்த முடிவானாலும் ஒன்று மட்டும்: ஸ்கேன் பண்ண விடாத விற்பனையாளரிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். "இன்னொருத்தர் பின்னேரம் வாறார்" என்று அவசரப்படுத்தினால், அந்த இன்னொருத்தருக்கே விட்டுவிடுங்கள்.