விலை குறைந்தால் மதிப்பும் குறையுமா?

சில ஆண்டுகளுக்கு முன் என் பேரனுக்குக் கடும் வயிற்றுப்போக்கு. மருந்துக் கடையில் ஓஆர்எஸ் கேட்டேன். இனிப்புப் பானம் ஒன்றை நீட்டினார்கள். அதைவிட மலிவான உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் அங்கே இருந்தது. விலை உயர்ந்ததே தரமானது என்னும் நுகர்வோர் மயக்கத்தை வகுப்பறையில் விளக்கிய நானே ஒரு கணம் தடுமாறினேன்.

வயிற்றுப்போக்கில் உயிருக்கு ஆபத்தாவது உடல் இழக்கும் நீரும் உப்பும்தான். குளுக்கோஸும் சோடியமும் உரிய அளவில் சேர்ந்தால் குடல் நீரை விரைந்து உறிஞ்சும். சர்க்கரை மிகுந்தாலோ, குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டுப் போக்கு அதிகரிக்கும். அளவு பிறழ்ந்த பானங்கள் 'ஓஆர்எஸ்' என்னும் பெயரைத் தாங்கக் கூடாதென்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது இதனால்தான்.

1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியது. சிரைவழி ஏற்றும் திரவம் பற்றாத நிலையில், மருத்துவர் திலீப் மஹலனபிஸ் இக்கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. புகட்டியவர்களில் நோயாளிகளின் உறவினர்களும் இருந்தனர்.

பொட்டலம் முழுவதையும், அதில் குறித்த அளவு தூய நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகப் புகட்ட வேண்டும். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துத் தொடரலாம். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்பொட்டலம் இலவசம். இலவசம் என்பதாலேயே அதனைக் குறைவாக எண்ணிவிட வேண்டாம்.