வெள்ளெலிக்கு எவ்வளவு பெரிய கூண்டு வேண்டும்?

வீடு அடங்கிய பிறகு வரவேற்பறை மூலையிலிருந்து ‘கறுக் கறுக்’ என்று சத்தம். பிள்ளை ஆசைப்பட்டதால் வாங்கி வந்த வெள்ளெலி, கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருக்கிறது. விளையாடுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். இடம் போதாமல் அது தவிப்பதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

சிங்கப்பூரில் வளர்க்க அனுமதி உள்ள சிறு விலங்குகளில் வெள்ளெலியும் ஒன்று. நாயைப்போல் வெளியே நடக்க அழைத்துச் செல்ல வேண்டியதில்லை என்பதால் வீவக வீடுகளுக்கு ஏற்றதாகத் தோன்றும். விலங்கு சிறியது, கூண்டும் சிறியதாக இருந்தால் போதும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. வண்ணக் குழாயும் குட்டி ஏணியுமாக ஒரு கையில் தூக்கக்கூடிய கூண்டுகள், உண்மையில் விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்லத்தான் பொருந்தும்.

வெள்ளெலி நடமாடும் பிராணி. ஒரே இரவில் பல கிலோமீட்டர் ஓடக்கூடியது. பலரும் வளர்க்கும் சிரிய வகை, வடசிரியாவின் வயல்வெளிகளில் சராசரியாக 65 சென்டிமீட்டர் ஆழத்தில் வளை தோண்டி வாழ்கிறது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வகையை நான்கு அளவுக் கூண்டுகளில் வைத்துக் கவனித்தனர். 2007ல் வெளியான அந்த ஆய்வின்படி, எல்லாக் கூண்டுகளிலும் கம்பி கடிப்பது இருந்தது. ஆனால் சிறிய கூண்டுகளில் அதிக நேரம் நீடித்தது. அதற்கு முந்திய ஆய்வொன்றில், 10 சென்டிமீட்டர் ஆழப் படுக்கையில் இருந்தவை, 40, 80 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தவற்றைவிட அதிகம் கடித்தன. ஆக, பரப்பு மட்டுமன்றி ஆழமும் முக்கியம்.

ஜெர்மனியின் விலங்குநலக் கால்நடை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு: நீளம் 100, அகலம் 50, உயரம் 50 சென்டிமீட்டர். உயரம் ஏன் என்று கேட்கலாம். படுக்கைக்கு 20 சென்டிமீட்டர், சிரிய வகைக்கான சக்கரத்திற்கு ஏறக்குறைய 28 என்று கூட்டினாலே கணக்கு நிரம்பிவிடும். சக்கரம் அதைவிடச் சிறிதானால் முதுகு வளைந்தே ஓட நேரும்.

மாடி மாடியாக உயரும் கூண்டுகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஓடவும் தோண்டவும் தரைதான் தேவை. உயரத்திலிருந்து விழுந்தால் காலும் முறியும். கம்பித் தரையும் கூடாது. குள்ள வகைகள் குறுகிய கம்பி இடைவெளியிலும் நழுவிவிடும்.

நம் வெப்பத்தையும் மறக்கக்கூடாது. கண்ணாடித் தொட்டி என்றால் மேலே வலை மூடி அவசியம். நேரடி வெயில் படும் சன்னலோரம் வேண்டாம். படுத்துக் குளிர ஒரு பீங்கான் ஓடு வைக்கலாம்.

செலவுக்கு அஞ்சுவோர், பெரிய பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டியின் மூடியை அறுத்துக் கம்பிவலை பொருத்துகிறார்கள். கண்ணாடி அலமாரியைப் படுக்க வைத்துக் கூண்டாக்குவோரும் உண்டு. அளவும் காற்றோட்டமும் சரியாக இருந்தால் அழகைப் பற்றி வெள்ளெலி குறை சொல்லப்போவதில்லை. எதுவானாலும் ஒரு கூண்டில் ஒன்றுதான். இரண்டு சிரிய வெள்ளெலிகள் சேர்ந்தால் சண்டையில் ஒன்று இறக்கவும் கூடும்.

ஏற்கெனவே சிறிய கூண்டில் வளர்ப்போர் பெரியதற்கு மாற்றும்போது, பழைய படுக்கையில் இரண்டு பிடியைப் புதியதில் கலந்துவிடலாம். தன் வாசனை இருந்தால் அது விரைவில் பழகிக்கொள்ளும்.