விவிலியத் தமிழும் ஆகமம் என்னும் சொல்லும்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் எல்லையூராகிய எமது பாகலூரிலே, கிறித்தவ நண்பரொருவர் சின்னாட்களுக்கு முன் இரண்டு நூல்களைக் கொணர்ந்து எம்முன் வைத்தார். ஒன்று ‘பரிசுத்த வேதாகமம்’. மற்றொன்று 1995ஆம் ஆண்டு வெளிவந்த ‘திருவிவிலியம்’. “ஐயா, இரண்டும் ஒரு நூலே. பழையதில் ஆதியாகமம் என்றிருப்பது புதியதில் தொடக்க நூல் என்றிருக்கின்றது. ஆகமம் தங்கள் சமயத்ததன்றோ? அதனை எங்கள் பெரியோர் எடுத்தாண்டது பிழையா?” என்று வினவினார். வினா நேர்மையானது, ஆதலின் விடையும் நேரியதாதல் வேண்டும்.

இந்நூல் தமிழிற் புகுந்த வரலாற்றை முதற்கண் சுருங்கக் காண்போம். சீகன்பால்கு ஐயர் பெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சேறி முடிந்தது. பின்னர்ப் பப்ரிசியு ஐயர் பெயர்ப்பு 1772இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துப் பேர்சிவல் பாதிரியார் பெயர்ப்பு 1850இல் அச்சாயிற்று. அதற்குத் துணைநின்றவர் நம் ஆறுமுக நாவலரவர்களே. பிறசமயக் கண்டனத்திற் சிறிதும் தளராத அவர், பிறசமய நூலைப் பெயர்க்குங்கால் அதன் பொருளைத் திரியாது காத்தமை அறிஞர் கடனாம். ஆயினும் பழைய நடையிற் பழகிய சபையார் அப்பெயர்ப்பை ஏற்றிலர். பவர் ஐயர் தலைமையிற் குழுவொன்று கூடி, முன்னையவற்றை ஒப்புநோக்கி 1871இல் முழுநூலாக வெளியிட்டதே இன்றும் பலர் கையிலுள்ள வேதாகமத்திற்கு அடிப்படை.

இனி நண்பர் வினாவிற்கு வருவோம். ஆகமம் என்பது வழிவழி வந்த நூலென்னும் பொருட்டு. சமணர் தம் நூல்களை ஆகமமென்ப, பௌத்தரும் அங்ஙனமே. ஆகவே அச்சொல் நமக்கே உரித்தென வழக்காடுதல் பொருந்தாது. வேதம் பொது, ஆகமம் சிறப்பு என இரண்டாகக் கொள்வது நம் கொள்கை. அவ்விரண்டனையும் ஒருசொல்லாக்கி ஒருநூற்குப் பெயரிட்டது அவர் வழக்கு. அவ்வளவே.

ஆனால் ‘உபாகமம்’ என்னுமிடத்து இடர் உண்டு. மூலாகமம் இருபத்தெட்டு, அவற்றின் வழிவந்த உபாகமம் இருநூற்றேழு என்பது நம் மரபு. காமிகத்திற்கு உபாகமம் மிருகேந்திரம். மோசே எழுதியனவாகக் கொள்ளும் ஐந்து நூல்களுள் இறுதியதன் கிரேக்கப் பெயர்க்கு இரண்டாம் சட்டம் என்பது பொருள். அதனை உபாகமம் என்றமையால், இரண்டு வழக்கும் அறிந்த மாணவன் மயங்குவான். மடத்திற் பயின்ற காலத்து யாமே அங்ஙனம் மயங்கி நகைக்கிடமானோம். ‘இணைச்சட்டம்’ என்னும் புதுப்பெயர் பொருளுக்கு அணித்தாகும். தெலுங்கரும் கன்னடரும் தம் நூல்களில் ஆதிகாண்டம் என்றே வழங்குவர், அவர்க்கு இம்மயக்கமில்லை.

இறைவன் பெயரிலும் வேறுபாடு மிகுதி. சீகன்பால்கு சருவேசுரன் என்றார். பப்ரிசியு பராபரன் என்றார். தாயுமான சுவாமிகளின் பராபரக்கண்ணியில் நாம் ஓதும் சொல்லே அது. பவர் குழுவினர் தேவன் என்றனர். தேவரெனின் பிறவிக்குட்பட்ட விண்ணோரையும் குறிக்குமாதலின், முழுமுதற்கு அது குறைந்த சொல்லென்பது எம் கருத்து. 1995ஆம் ஆண்டுப் பெயர்ப்பு கடவுள் என்றது மிக நன்று.

கிருபை என்றிருந்தது அருள் ஆயிற்று. தமிழாக நோக்கின் இது சாலச் சிறந்தது. எனினும் இங்கே நம்மவர் விழிப்பாதல் வேண்டும். நமக்கு அருளாவது இறைவனிற் பிரிவற்ற சத்தி. மலபரிபாகம் நோக்கிப் பதிவது. அவர்க்கு அது தகுதியில்லார்க்கும் அளிக்கப்படும் கொடை. சொல் ஒன்றாதல் கொண்டு பொருளும் ஒன்றெனக் கூறுவார் இருசமயத்தையும் பிழைபட உணர்ந்தவராவர். பாவம் என்னுமிடத்து மலம் என எழுதாது விட்டமை பெயர்த்தோர் நுண்ணறிவே. ஆணவம் அநாதி, அவர் கூறும் பாவமோ முதல் மனிதன் கட்டளை மீறியதனாற் புகுந்தது.

இவை கேட்ட நண்பர், “அங்ஙனமாயின் யான் எதனை ஓதுவது?” என்றார். செபத்திற்குச் செவி பழகிய பழையதனையும், பொருளாராய்ச்சிக்குப் புதியதனையும் கொள்க என்றோம். அவர்தம் மனைவியார் தெலுங்கு நூல் ஓதுபவராம். யோவான் நூலின் தொடக்கத்தில் நம் பழைய பெயர்ப்பு வார்த்தை என்றும், புதியது வாக்கு என்றும் கூற, அது வாக்கியம் என்கின்றதே, அஃதேன் என்று மற்றொரு வினாவை எழுப்பினார். மறுவாரம் அந்நூலையும் கொணர்கின்றாராம்.