12 வரி 5 ஆனது: மிச்சம் எங்கே?

காய்கனிக் கடை ஒன்றின் ஒரு நாள் கொள்முதல், கிலோ கணக்கில், ஒரே சரமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

பழம்:மா:40;காய்:கத்தரி:25;பழம்:வாழை:60;கீரை:முருங்கை:10;காய்:வெண்டை:30;பழம்:கொய்யா:35

பதிவுகள் 6, இடையில் 5 அரைப்புள்ளிகள். பதிவுக்கு 3 புலங்கள். ஆக 12 முக்காற்புள்ளிகள். வகைவாரியாகக் கூட்டினால் பழம் 135, காய் 55, கீரை 10. மொத்தம் 200 கிலோ.

இந்தச் சரத்தைப் பிரித்து வகைவாரியாக அடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இரண்டு விதமாக எழுதி எண்ணிப் பார்த்தேன். பழைய பாணியில் பதிவுகளை எண் போட்டு எடுக்கும் ஒரு ஃபார் லூப். அதற்குள் ஸ்பிளிட் செய்து ‘பார்ட்ஸ்’ என்ற அரேயில் வைப்பது, பிறகு 0, 1, 2 என்று எண் போட்டு ஒவ்வொரு புலமாக எடுப்பது, வகை இல்லையென்றால் காலி அரே வைப்பது, கடைசியில் புஷ். புதிய பாணியில் ஒரு மேப், ஒரே வரியில் மூன்று புலங்களுக்கும் பெயர் கொடுக்கும் டீஸ்ட்ரக்சரிங், முடிவில் ஆப்ஜெக்ட்.குரூப்பை.

பழையது, புதியது என்ற வரிசையில் கணக்கு:

வரிகள்: 12, 5
இஃப்: 1, 0
எண் போட்டு எடுத்த இடங்கள்: 4, 0
வைத்த பெயர்கள்: 7, 7
ஸ்பிளிட் அழைப்புகள்: 7, 7
எண்ணாக மாற்றியது: 6, 6
பதிவுகளைத் தொட்டது: 6, 12

கடைசி நான்கு வரிசைகளைப் பாருங்கள். கணினிக்கு வேலை குறையவே இல்லை. மேப் ஒருமுறை, குரூப்பை ஒருமுறை என்று பதிவுகளை இரண்டு தடவை சுற்றுவதால் கொஞ்சம் கூடியே இருக்கிறது. மிச்சமெல்லாம் படிப்பவருக்குத்தான். ‘பார்ட்ஸில் 2 என்பது விலையா, எடையா?’ என்று மேலே போய்த் தேட வேண்டியதில்லை.

இந்த 5 வரிக்குத் தேவையான வசதிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. மொழி பிறந்தது 1995இல். மேப்பும், பின்னால் வரப்போகும் ரெட்யூஸும் 2009 தரத்தில் நுழைந்தன, டீஸ்ட்ரக்சரிங் 2015இல், குரூப்பை 2024இல். குரோம் 117, ஃபயர்ஃபாக்ஸ் 119, சஃபாரி 17.4 ஆகியவற்றுக்கு முந்தைய பதிப்புகளில் குரூப்பை கிடையாது. அவற்றையும் ஆதரிக்க வேண்டுமென்றால், 2021இல் வந்த ??= குறியே போதும்: காலி அரே வைக்கும் 3 வரியும் புஷ் வரியும் ஒன்றாகி, 12 வரி 9 ஆகிவிடும்.

சுருக்கப் போய் நஷ்டப்படும் இடமும் உண்டு. ரெட்யூஸுக்குள் மூன்று புள்ளி வைத்து ஒவ்வொரு சுற்றிலும் அரேயைப் புதிதாக நகலெடுப்பது பார்க்க அழகாக இருக்கும். ஒரே வகையில் 1,000 பதிவுகள் இருந்தால், பழைய உறுப்புகளை நகலெடுப்பது மட்டும் 0+1+2 என்று 999 வரை கூடி 4,99,500 ஆகிறது. புஷ் என்றால் 1,000 சேர்ப்புகளோடு முடிந்தது.

வரி எண்ணிக்கையில் தெரியாத பிழைகள் மூன்று:

சரத்தின் கடைசியில் ஓர் அரைப்புள்ளி கூடுதலாக இருந்தால் ஸ்பிளிட் 6க்குப் பதில் 7 துண்டு தரும். ஏழாவது வெற்றுச் சரம். அதன் எடை ‘நான்’, அதாவது எண்ணல்லாதது. கூட்டலில் அது ஒன்று விழுந்தால் 200 போய் மொத்தமே ‘நான்’ ஆகிவிடும். ஸ்பிளிட்டை அடுத்து ஒரு ஃபில்டர் வைத்தால் தீர்ந்தது.

எண்ணாக மாற்ற மறந்தால் பழத்தின் கூட்டல் 135 வராது. 0இல் தொடங்கினாலும் 0406035 என்று ஒட்டிக்கொண்டு நிற்கும்.

எடைப் புலம் காலியாக இருந்தால் நம்பர் ஃபங்ஷன் சத்தமில்லாமல் 0 தரும். மூன்றில் இதுதான் ஆபத்தானது. திரையில் எந்தப் பிழையும் தெரியாது.

இத்தனையும் பிரிப்புக்குறி தரவுக்குள் வராதவரைதான். மேற்கோளுக்குள் காற்புள்ளி வரலாம் என்று 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 சிஎஸ்வி கோப்புகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட கோப்பை வெறும் ஸ்பிளிட்டால் பிரித்தால் புலங்கள் இடம் மாறிவிடும். அங்கே நல்ல நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்வதே சிக்கனம்.

12 வரியை 5 ஆக்குங்கள். ஆக்கிய கையோடு, 200 வருகிறதா என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.