மாதா மாதம் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை

கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பிள்ளை மாதவிடாய் வலியில் சுருண்டு படுத்தால், லயத்தில் முதலில் கைக்கு வருவது பனடோல். அடுத்தது இஞ்சி தட்டிப்போட்ட சாயத்தண்ணி. "எல்லாருக்கும் வாறதுதானே, ரெண்டு நாள்ல போயிரும்" என்று அம்மாவும் சொல்வார், அம்மாயியும் சொல்வார். அதே வலியோடு கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறியவர்கள் அவர்கள். பிள்ளைக்கும் அதையே பழக்குகிறார்கள்.

மாதவிடாயின்போது கருப்பையின் உட்சவ்வில் புரொஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உண்டாகிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிய, தசைக்குப் போகும் இரத்தம் குறைந்து வலி எடுக்கிறது. கூடவே வரும் குமட்டலும் வயிற்றோட்டமும் அதன் வேலைதான். மெபனமிக் அமிலம், ஐபுபுரொஃபன் போன்ற மாத்திரைகள் அந்தப் பொருள் உண்டாவதையே தடுக்கின்றன. பனடோலுக்கு அந்தச் சக்தி குறைவு. மெபனமிக் அமிலம், ஐபுபுரொஃபன் மாத்திரைகளை வலி உச்சிக்கு ஏறியபின் விழுங்கினால் பலன் குறையும். இரத்தப்போக்கு தொடங்கும்போதே, சாப்பிட்டபின், வைத்தியர் சொன்ன அளவில் ஓரிரு நாள் ஒழுங்காக எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. காய்ச்சல் இருந்தால், டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை இந்த மாத்திரைகள் கூடவே கூடாது. அடிவயிற்றில் சுடுதண்ணீர்ப் போத்தல் வைப்பது ஆய்வுகளும் ஒப்புக்கொண்ட வைத்தியம்.

இப்படிச் செய்தும் மூன்று, நான்கு மாதமாக வலி அடங்கவில்லையென்றால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு சூலகத்திலும் இடுப்புக்குழியிலும் சிலருக்குக் குடலிலும் ஒட்டி வளரும் நோய் இது. இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலகெங்கும் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. மலங்கழிக்கும்போது வலி, மாதவிடாய் இல்லாத நாளிலும் வலி, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இதே நோய் இருப்பது எல்லாம் அடையாளங்கள். இளம் பிள்ளைகளிடம் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலே போகலாம். அதை வைத்து, பிள்ளை நடிக்கிறாள் என்று முடிவு கட்டுவது கொடுமை.

சென்னையில் பிறந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற பத்மா லட்சுமிக்கு 13 வயதில் தொடங்கிய வலி இந்த நோய்தான் என்று தெரியவந்தபோது வயது 36. 2009இல் இந்த நோய்க்கென ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். நியூயோர்க்கில் வசதியோடு வாழ்ந்தவருக்கே இத்தனை வருடம் என்றால், பஸ்ஸுக்காக மழையில் மைல் கணக்கில் நடக்கும் தோட்டத்துப் பிள்ளையின் நிலையை நினைக்கவே மனம் வலிக்கிறது.

வைத்தியர் ஹோர்மோன் மாத்திரை எழுதினால் பல தாய்மார் பயந்துவிடுகிறார்கள். கலியாணமாகாத பிள்ளைக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையா என்று கேட்கிறார்கள். அது வலியைக் குறைக்கும். பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றைக் கெடுக்காது. "கலியாணம் கட்டினா சரியாப்போயிரும்" என்பதற்குத்தான் எந்த ஆதாரமும் இல்லை.

வீட்டுக் கலண்டரில் இரத்தப்போக்கு தொடங்கிய நாள், வலித்த நாள், பள்ளிக்கூடம் போகாத நாள் மூன்றையும் குறித்து வையுங்கள். அதைக் கிளினிக்குக்கு வரும் மிட்வைப் மிஸ்ஸியிடம் காட்டுங்கள். நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்.